ஹெம்ப் டி.எச்.சி. பானங்கள்: ஒரு கேனுக்கு 0.4 மில்லிகிராம் என்ற வரம்பு சரியா?

கல்லணை | மினியாபோலிஸ்

2025 நவம்பர் 12 அன்று டிரம்ப் கையெழுத்துப் போட்ட செலவினச் சட்டத்தால் 43 நாள் அரசு முடக்கம் முடிந்தது. எல்லாச் செய்தியிலும் அதுதான் தலைப்பு. அதே சட்டத்துக்குள் ஹெம்ப், அதாவது போதை குறைந்த கஞ்சாச் செடி வகை, பற்றி ஒரு பிரிவு இருக்கிறது. கடைக்கு வரும் ஹெம்ப் பொருள் எதுவானாலும், ஒரு டப்பாவுக்கு மொத்தம் 0.4 மில்லிகிராமுக்கு மேல் டி.எச்.சி. (போதை தரும் பொருள்) இருக்கக் கூடாது. ஒரு வருட அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். 2026 நவம்பரில் அமலுக்கு வரும்.

இங்கே கடைகளில் விற்கும் டி.எச்.சி. பானம் ஒரு கேனில் 5 அல்லது 10 மில்லிகிராம் இருக்கும். ஆக, புது வரம்பு என்பது நடைமுறையில் முழுத் தடை.

நான் ஒரு சின்ன பீர் ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஆலையில் பீர் விற்பனை குறைந்துகொண்டே வருகிறது, அந்த இடத்தை இந்தப் பானங்கள்தான் நிரப்புகின்றன. என் சம்பளம் இதில் இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதைக் கழித்துவிட்டு என் வாதத்தை எடைபோடுங்கள்.

குளறுபடி 2018 விவசாயச் சட்டத்தில் தொடங்கியது. கஞ்சாவும் ஹெம்பும் ஒரே செடி இனம். உலர்ந்த எடையில் டெல்டா-9 டி.எச்.சி. (டி.எச்.சி.-யின் முக்கிய வகை) 0.3 சதவீதத்துக்குள் இருந்தால் அது ஹெம்ப், அதற்கு மேல் போனால் கஞ்சா என்று கோடு போட்டார்கள். வயலில் நிற்கும் செடிக்கு அந்தக் கணக்கு பொருந்தும். பானத்துக்குப் போட்டுப் பாருங்கள். 355 மில்லி கேனின் எடை தோராயமாக 355 கிராம். அதில் 0.3 சதவீதம் என்றால் ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல்! பழக்கமில்லாத ஒருவரை 10 மில்லிகிராமே தள்ளாட வைத்துவிடும். எடை கூடக் கூட அனுமதியும் கூடும் என்ற சட்டத்தை வைத்துக்கொண்டு ஏழு வருடம் ஓட்டியிருக்கிறார்கள்.

மினசோட்டா இதை 2022-லேயே ஒழுங்குபடுத்தியது. ஒரு பரிமாறலுக்கு 5 மில்லிகிராம், வாங்குபவருக்கு 21 வயது, பரிசோதனைக்கூடச் சான்று, குழந்தைகளைக் கவரும் படங்களுக்குத் தடை. 2023-இல் கஞ்சாவை முழுமையாகச் சட்டபூர்வமாக்கியபோது ஒரு கேனுக்கு 10 மில்லிகிராம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். வரி 10 சதவீதமாக இருந்தது, 2025 ஜூலையிலிருந்து 15. ஒரு மதுக்கடையில் பீர் குடித்தவருக்கு அதே கடை அடுத்த ஐந்து மணி நேரத்துக்கு டி.எச்.சி. பானம் கொடுக்கக் கூடாது என்றுகூட விதி இருக்கிறது. 2025 அக்டோபரில் டார்கெட் கடைத்தொடர் தன் மினசோட்டா கடைகளில் பத்தில் இவற்றை விற்கத் தொடங்கியது.

இவ்வளவு விதிகளுக்குக் கட்டுப்பட்டு நடந்தவர்களையும், எந்த விதியும் இல்லாமல் கேஸ் ஸ்டேஷனில் கண்டதை விற்றவர்களையும் ஒரே சட்டம் ஒரே நாளில் மூடுகிறது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிறார்கள்.

---

செல்வி_ஃபிரிஸ்கோ | டெக்சாஸ்

தம்பி, உங்கள் ஊர் விதிகளைப் படித்தேன், நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் அந்த மூட்டைப்பூச்சி எங்கள் வீட்டுப் பிள்ளைகளை எப்படிக் கடித்தது என்று நான் சொல்கிறேன்.

என் மகனின் உயர்நிலைப் பள்ளியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு கடை இருக்கிறது. முன்பக்கம் சிப்ஸ், சோடா. கல்லாவுக்குப் பக்கத்தில் பளபளக்கும் பாக்கெட்டுகளில் மிட்டாய்கள். புளிப்பு மிட்டாய் பாக்கெட் மாதிரியே நிறம், அதே மாதிரி எழுத்து. திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் டெல்டா-8 என்று, டி.எச்.சி.-யின் இன்னொரு வகை, போட்டிருக்கிறது. குளிர்பெட்டியில் எலுமிச்சைச் சோடாவுக்கு அடுத்த தட்டில் டி.எச்.சி. கேன். அவன் வகுப்புப் பையன் ஒருவன் அதை வாங்கிக் குடித்துவிட்டு, வாந்தியும் நடுக்கமுமாக அவசர சிகிச்சைக்குப் போனான். அப்போது டெக்சாஸில் வயது வரம்பே கிடையாது. கடைக்காரர் மேல் எந்தத் தப்பும் சொல்ல முடியவில்லை.

மாநில சட்டமன்றம் 2025-இல் எஸ்.பி. 3 என்று முழுத் தடை மசோதாவை நிறைவேற்றியது. துணை ஆளுநர் டான் பேட்ரிக் அதற்காகவே நின்றார். ஜூன் 22 அன்று ஆளுநர் அபாட் அதை வீட்டோ செய்துவிட்டார், மதுவைப் போல ஒழுங்குபடுத்தலாம் என்றார். சரி, ஒழுங்குபடுத்துங்கள் என்று காத்திருந்தோம். சிறப்புக் கூட்டத்தொடர்கள் நடந்தும் ஒன்றும் தேறவில்லை. கடைசியில் செப்டம்பரில் ஒரு நிர்வாக ஆணையில் 21 வயது என்று வந்தது. 2018-லிருந்து 2025 வரை என்ன செய்தார்கள்?

ஒழுங்குபடுத்துங்கள் என்று சொல்பவர்கள் ஒழுங்குபடுத்தவில்லை. தடை செய்பவர்களாவது தடை செய்கிறார்கள். நான் யார் பக்கம் நிற்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

---

மருந்துச்சீட்டு | நியூ ஜெர்சி

நான் மருந்தாளர். செல்வி அக்கா சொன்ன மாதிரி சம்பவங்கள் அபூர்வம் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். 2021 ஜனவரி முதல் 2022 பிப்ரவரி வரை டெல்டா-8 தொடர்பாக விஷமுறிவு மையங்களுக்கு வந்த தகவல்கள் 2,362 என்று உணவு, மருந்து நிர்வாகமான எப்.டி.ஏ. வெளியிட்டது. அதில் 41 சதவீதம் 18 வயதுக்குக் கீழ்.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். டெல்டா-8 செடியில் மிகக் குறைவாகவே இருக்கிறது. சந்தையில் இருப்பது பெரும்பாலும் ஹெம்பிலிருந்து எடுத்த, போதை தராத சி.பி.டி.-யை அமிலம் சேர்த்து வேதிமாற்றம் செய்தது. அந்த வினையில் பக்கப் பொருட்கள் உண்டாகும், சரியாகச் சுத்திகரிக்காவிட்டால் அவை அப்படியே பாக்கெட்டுக்குள் வரும். ஹெச்.எச்.சி., டி.எச்.சி.-ஓ என்று அடுத்தடுத்து வந்ததெல்லாம் இதே ரகம். ஒன்றைத் தடை செய்தால் மூலக்கூறில் சின்ன மாற்றம் செய்து அடுத்ததைக் கொண்டுவருவார்கள். புதிய சட்டம் செடியில் இயற்கையாக உருவாகாத, அல்லது செடிக்கு வெளியே வேதிமுறையில் தயாரித்த கன்னபினாய்டுகளை (டி.எச்.சி., சி.பி.டி. வகைப் பொருட்களை) மொத்தமாக விலக்குகிறது. அந்தப் பகுதியை நான் இரண்டு கையாலும் வரவேற்கிறேன்.

டெல்டா-9 பானம் வேறு விஷயம். அங்கே என் கவலை அளவும் நேரமும். சாப்பிடும் பண்டத்தில் போதை ஏற அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொன்று சாப்பிடுவார்கள், அப்புறம் இரண்டும் சேர்ந்து அடிக்கும். பானத்தில் எண்ணெய்த் துளியை மிக நுண்ணியதாக உடைத்துக் கலப்பதால் சீக்கிரம் ஏறுகிறது. ஒரு விதத்தில் அது நல்லது, குடித்தவருக்கு நிறுத்த வேண்டிய நேரம் தெரியும். ஆனால் எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி கலப்பதில்லை. லேபிளில் அதைச் சொல்ல வேண்டும் என்ற தேசிய விதியும் இல்லை.

இன்னொன்று. வார்ஃபரின் போன்ற மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் இதைத் தொடவே கூடாது. சோடா மாதிரி கேனில் வருவதால் இது மருந்தோடு மோதும் பொருள் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

---

பொன்னிநதி | சிகாகோ

மதுவால் அமெரிக்காவில் வருடத்துக்கு ஏறத்தாழ 1,78,000 பேர் சாகிறார்கள் என்று நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. சொல்கிறது. அதை மூலைக்கு மூலை விற்கிறார்கள். 5 மில்லிகிராம் பானத்துக்கு மட்டும் தடையா? என் வயதுக்காரர்கள் பலர் குடியை விட்டுவிட்டு இதற்கு வந்திருக்கிறார்கள். மறுநாள் தலைவலி இல்லை, வீட்டில் சண்டை இல்லை.

---

செல்வி_ஃபிரிஸ்கோ

பொன்னிநதி, ஒரு கேடு ஏற்கெனவே ஊருக்குள் இருக்கிறது என்பது இன்னொன்றை உள்ளே விடுவதற்குக் காரணம் ஆகாது. குடியை விட்டவர்கள் இருக்கலாம். இரண்டையும் ஒரே மாலையில் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். பீர் குடித்துவிட்டு ஓட்டினால் போலீஸ் ஊதச் சொல்லிக் கண்டுபிடிக்கலாம். இதற்கு அப்படி நம்பகமான கருவி எதுவும் சாலையில் இல்லை. சிறுநீரில் பார்த்தால் போன வாரம் குடித்தவருக்கும் இருக்கும்.

---

நீலப்புல் | லெக்சிங்டன், கென்டக்கி

எங்கள் மாநிலத்தை வைத்துப் பார்த்தால் இந்த அரசியல் தெளிவாகும். 2018-இல் ஹெம்பைச் சட்டபூர்வமாக்கியவர் எங்கள் செனட்டர் மிட்ச் மெக்கானல். புகையிலையை நம்பிய விவசாயிகளுக்கு மாற்றுப் பயிர் வேண்டும் என்பதுதான் நோக்கம். நார், விதை, எண்ணெய் என்று நினைத்தார்கள். போதைப் பொருளாக மாறும் என்று நினைக்கவில்லை என்று சொல்லி, இப்போது அதை மூடும் பிரிவைச் சேர்க்க வைத்தவரும் அவரேதான். ஓய்வு பெறுவதற்கு முன் முடித்துவிட வேண்டும் என்று நின்றார்.

அதை எடுக்கச் சொல்லித் திருத்தம் கொண்டுவந்தவர் எங்கள் இன்னொரு செனட்டர் ராண்ட் பால். 76-க்கு 24 என்ற வாக்கில் அது ஒதுக்கித் தள்ளப்பட்டது. இருவரும் ஒரே கட்சி, ஒரே மாநிலம். ராண்ட் பால் பக்கம் நின்ற மிகச் சில குடியரசுக் கட்சியினரில் டெக்சாஸின் டெட் க்ரூஸ் ஒருவர்.

கவனிக்க வேண்டியது, 2025 மார்ச்சில்தான் கென்டக்கி டி.எச்.சி. பானங்களை மது வாரியத்தின் கீழ் கொண்டுவந்தது. 12 அவுன்ஸ் கேனுக்கு 5 மில்லிகிராம், மதுபான உரிமம் உள்ள கடை, 21 வயது. சட்டமன்றத்தில் குடியரசுக் கட்சி, ஆளுநர் ஜனநாயகக் கட்சி, இரண்டு பக்கமும் பேசி முடித்தது. எட்டு மாதத்தில் அதற்கு மேல் வாஷிங்டன் ஒரு கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டது.

விவசாயிகள் பக்கமும் ஒரே குரல் இல்லை. நாருக்கும் விதைக்கும் பயிரிடுபவர்களைப் புதிய சட்டம் பெரிதாகத் தொடவில்லை. டி.எச்.சி., சி.பி.டி. எடுக்கும் பூவுக்காகப் பயிரிட்டவர்கள்தான் அடுத்த சித்திரையில் என்ன விதைப்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள். விதைக்கும் மாதத்துக்கும் சட்டம் அமலாகும் மாதத்துக்கும் நடுவில் ஒரே ஒரு அறுவடைதான் இருக்கிறது. அதை யார் வாங்குவார்கள் என்று வங்கி கேட்கிறது.

---

நடுவர்

விவாதம் நன்றாகப் போகிறது, தொடருங்கள். எந்த பிராண்ட் வாங்கலாம், எங்கே வாங்கலாம் என்ற பரிந்துரைகளை மட்டும் இங்கே போட வேண்டாம். அப்படி வந்த இரண்டு பதிவுகளை எடுத்துவிட்டேன்.

---

கல்லணை

செல்வி அக்கா, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. டெக்சாஸ் ஏழு வருடம் எதுவும் செய்யாமல் இருந்ததற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். மருந்துச்சீட்டு சொன்னதையும் ஒப்புக்கொள்கிறேன், வேதிமாற்றம் செய்த சரக்கைத் தேசம் முழுக்கத் தடை செய்யட்டும். எங்களைப் போன்ற ஆலைகளுக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை.

நான் தினமும் செய்யும் வேலையிலிருந்து ஒன்று சொல்கிறேன். லேபிளில் 5 மில்லிகிராம் என்று போடுவது சுலபம், அதைக் கடைசி வரை கேனுக்குள் நிற்க வைப்பது கஷ்டம். டி.எச்.சி. எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. அலுமினியக் கேனின் உட்புறம் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். கலவை சரியில்லை என்றால் டி.எச்.சி. மெல்ல மெல்ல அந்தப் பூச்சில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆலையில் நிரப்பிய அன்று 5 இருந்தது, சில வாரம் கழித்துக் கடையில் எடுத்துப் பார்த்தால் குறைந்திருக்கும். இன்னொரு தொல்லை, எண்ணெய் பிரிந்து மேலே மிதந்தால் முதல் மடக்கிலேயே பாதி போய்விடும். அதனால்தான் நிரப்பிய அன்று எடுத்த ஒரே ஒரு சான்றிதழை நம்பக் கூடாது. அலமாரியில் இருக்கும் கேனை எடுத்து மறுபடி சோதிக்க வேண்டும். நல்ல ஆலைகள் இதைத் தாமாகவே செய்கின்றன. சட்டம் கட்டாயப்படுத்தினால் எல்லோரும் செய்வார்கள்.

தடை போட்டால் இந்த வேலை நின்றுபோகும், குடிப்பது நிற்காது. 2026 நவம்பருக்குப் பிறகு 0.4-ஐத் தாண்டிய கேன் மத்திய சட்டத்தின் கண்ணில் கஞ்சா. மாநில எல்லையைத் தாண்ட முடியாது. வங்கிக் கணக்கு சிக்கல். கஞ்சாத் தொழிலுக்கான மத்திய வரிச் சட்டத்தின் 280இ பிரிவின் கீழ் விற்பனை, நிர்வாகச் செலவுகளைக்கூட வரிக் கணக்கில் கழிக்க முடியாது. கணக்கு வழக்கோடு தொழில் செய்பவன் வெளியேறுவான். கார் டிக்கியில் வைத்து விற்பவனுக்கு 280இ தெரியாது, வயதுச் சான்றும் கேட்க மாட்டான்.

---

அண்ணாநகர்_மூர்த்தி | ஹூஸ்டன்

பானம் பற்றியே பேசுகிறீர்கள். என் மனைவி மூட்டுவலிக்கு ஒரு சி.பி.டி. எண்ணெய் எடுத்துக்கொள்கிறாள். போதை எதுவும் இல்லை. அதுவும் போய்விடுமா?

---

மருந்துச்சீட்டு

மூர்த்தி சார், புட்டியைப் பாருங்கள். முழுச்சாறு வகை என்று போட்டிருந்தால் அதில் கொஞ்சம் டி.எச்.சி. இருக்கும். 30 மில்லி புட்டியில் 0.1 சதவீதம் இருந்தாலே ஏறத்தாழ 30 மில்லிகிராம் ஆகிவிடும். வரம்பு ஒரு வேளைக்கான சொட்டுகளுக்கு இல்லை, புட்டி முழுவதற்கும் சேர்த்து 0.4. ஆகவே அப்படிப்பட்டவை போய்விடும். டி.எச்.சி. முற்றிலும் நீக்கிய சி.பி.டி. வகை இந்த வரம்பில் மாட்டாது. உங்கள் மனைவிக்கு இரத்த அழுத்த மாத்திரையோ வேறு எதுவோ இருந்தால் டாக்டரிடம் இந்த எண்ணெயைப் பற்றியும் சொல்லச் சொல்லுங்கள்.

வரம்பை வைத்தவர்கள் எண்ணெயையும் பானத்தையும் மிட்டாயையும் ஒரே அளவுகோலில் அளந்ததுதான் இந்தச் சட்டத்தின் பெரிய குறை என்று நினைக்கிறேன். தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் 2021-லேயே ஆராய்ச்சிக்கான நிலையான அளவாக 5 மில்லிகிராமை வைத்தது. அந்த எண் கையில் இருந்தது. எடுத்துப் பயன்படுத்தவில்லை.

---

பொன்னிநதி

மது கம்பெனிகள்தானே இதற்குப் பின்னால்? பீர் விற்பனை சரிந்ததும் போட்டியை ஒழிக்கிறார்கள்.

---

நீலப்புல்

பாதி உண்மை. வாக்கெடுப்புக்கு முன் டிஸ்டில்ட் ஸ்பிரிட்ஸ் கவுன்சில், பீர் இன்ஸ்டிட்யூட் போன்ற உற்பத்தியாளர் சங்கங்கள் ராண்ட் பால் திருத்தத்தை ஏற்க வேண்டாம் என்று செனட்டர்களுக்கு எழுதின. ஆனால் மது மொத்த விற்பனையாளர் சங்கம் தடையை எதிர்த்து, ஒழுங்குமுறை வேண்டும் என்று நின்றது. லாரியும் கிடங்கும் வைத்திருப்பவர்களுக்கு எந்தக் கேனை ஏற்றினாலும் லாபம். கலிபோர்னியா மாதிரி உரிமம் பெற்ற கஞ்சாக் கடைகள் உள்ள மாநிலங்களில் அந்தக் கடைக்காரர்களுக்கும் இது பிடிக்காது. அவர்கள் கட்டும் வரி, படும் கெடுபிடி எதுவும் இல்லாமல் பக்கத்துக் கடையில் ஹெம்ப் என்ற பெயரில் அதே சரக்கு. 2024 செப்டம்பரில் கலிபோர்னியா ஆளுநர் நியூசம் அவசர விதி போட்டு, டி.எச்.சி. தென்படும் எந்த ஹெம்ப் உணவையும் பானத்தையும் விற்கக் கூடாது என்று நிறுத்தினார்.

அதோடு மாநிலங்கள், ஆட்சிப்பகுதிகளின் 39 தலைமை வழக்கறிஞர்கள் இரு கட்சியிலிருந்தும் கையெழுத்திட்டு, ஹெம்ப் வரையறையைத் திருத்துங்கள் என்று காங்கிரஸுக்கு எழுதினார்கள். எல்லோரையும் மது கம்பெனி வாங்கிவிட்டது என்று சொல்ல முடியாது.

---

சிராங்கூன்_குமரன் | சிங்கப்பூர்

கொள்கை விவாதத்துக்கு நடுவில் ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவுக்கு வேலையாகப் போகும் சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அங்கே சட்டப்படி விற்கிறார்கள் என்று நம்பிக் குடிக்க வேண்டாம். வெளிநாட்டில் எடுத்திருந்தாலும் இங்கே குற்றம்தான், சாங்கியில் இறங்கியதும் சோதிக்கலாம். இந்தியாவுக்கு ஊருக்குப் போகும்போது பெட்டியில் இரண்டு கேன் போட்டுக்கொண்டு போக நினைப்பவர்கள் அங்குள்ள 1985 போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தை (என்.டி.பி.எஸ்.) படியுங்கள். கஞ்சாவிலிருந்து தயாரித்த பானம் என்று அதன் வரையறையிலேயே இருக்கிறது.

---

கல்லணை

குமரன் அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எச்-1பி-யில் இருப்பவர்கள், க்ரீன் கார்டுக்குக் காத்திருப்பவர்கள், 2026 நவம்பருக்குப் பிறகு கொஞ்சம் யோசியுங்கள். கடை திறந்திருப்பது மாநிலச் சட்டம். விசா மத்தியச் சட்டம். வேலையிடத்து மருந்துச் சோதனைக்கு ஹெம்ப் எது, கஞ்சா எது என்று இன்றைக்கும் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

---

செல்வி_ஃபிரிஸ்கோ

இவ்வளவையும் படித்த பிறகு என் நிலைப்பாட்டைச் சொல்கிறேன். தடை வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் கல்லணை தம்பி சொல்வது போல ஒரு மாற்றுச் சட்டம் காங்கிரஸுக்கு வந்தால் நான் எதிர்க்கவும் மாட்டேன், சில நிபந்தனைகளோடு. மதுக்கடை தவிர வேறெங்கும் விற்கக் கூடாது, கேஸ் ஸ்டேஷனில் ஒரு கேன்கூட இருக்கக் கூடாது. ஆன்லைனில் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. மிட்டாய் வடிவம் வேண்டவே வேண்டாம், பானத்தோடு நிறுத்துங்கள். கேனின் முன்பக்கத்தில், பெயரைவிடப் பெரிதாக மில்லிகிராம் எண் இருக்க வேண்டும். மைனருக்கு விற்றால் அபராதத்தோடு விடாமல் கடையின் மது உரிமமே போக வேண்டும்.

ஒரு கேனுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் நான் சம்மதிக்க மாட்டேன். உங்கள் ஊரின் 10 எதற்கு? இரண்டு பரிமாறல் என்று லேபிளில் போடுகிறார்கள். கேனைத் திறந்தால் யார் பாதியை மூடி வைக்கிறார்கள்?

---

கல்லணை

அந்தக் கடைசிக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, அக்கா. வாங்குபவர்கள் 10 கேட்கிறார்கள், லாபமும் அதில்தான் அதிகம். ஆனால் கேனை மூட முடியாது என்பது உண்மை. கனெக்டிகட் 3-இல் நிறுத்தியது, கென்டக்கி 5. தேசிய வரம்பு 5 என்று வந்தால் எங்கள் ஆலை தாங்கும், 0.4 என்றால் மூடத்தான் வேண்டும். 10 விற்பவர்கள் என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை.

கேஸ் ஸ்டேஷன் விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். மிட்டாயில் மட்டும் ஒரு திருத்தம். மினசோட்டாவில் அவற்றைக் குழந்தை திறக்க முடியாத பாக்கெட்டில்தான் விற்க வேண்டும், அந்த விதியோடு இருக்கலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் அதை விட்டுவிட்டு மற்றதை எழுதலாம்.

உங்கள் செனட்டர் க்ரூஸ் தடைக்கு எதிராக வாக்களித்தவர், இன்னொரு செனட்டர் கார்னின் ஆதரித்தவர். இருவருக்கும் டெக்சாஸ் முகவரியிலிருந்து ஒரு தாயின் கடிதம் போனால் என் ஆலையின் கடிதத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம். நீங்கள் சொன்ன நிபந்தனைகளை அப்படியே வைத்து ஒரு வரைவு எழுதி நாளை இங்கே போடுகிறேன். மருந்துச்சீட்டு, எவ்வளவு நேரத்தில் ஏறும் என்ற லேபிள் வாசகத்தையும் மருந்து எச்சரிக்கையையும் நீங்கள் எழுதித் தர முடியுமா?

---

மருந்துச்சீட்டு

எழுதித் தருகிறேன். அலமாரியிலிருந்து எடுத்து மறுசோதனை செய்யும் விதியையும் சேருங்கள். அது இல்லாமல் முன்பக்கத்தில் எவ்வளவு பெரிதாக எண் போட்டும் பயன் இல்லை.